ஊரும் உறவும்: கணக்குப் பார்க்கும் உழவர்கள்



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கோவிற்பட்டிக் கரிசற்காட்டில் என் பாட்டனார் வாயால் இதனைப் பலமுறை கேட்டு வளர்ந்தவன் நான். ஆண்டுதோறும் பருத்தி விற்று முடிந்ததும் இப்பழமொழியைச் சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவ்வாண்டின் கணக்கு அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டும் அதே விதை, அதே உழவு, அதே கடன். பக்கத்துக் காட்டுக்காரருக்கு என்ன விளைந்தது என்று அவர் கேட்டதுமில்லை. தமக்கு என்ன விளையவில்லை என்று பிறரிடம் சொன்னதுமில்லை.

அப்பழமொழி எந்த அளவுக்கு உண்மை என்னும் ஐயம், இந்தூரில் குடியேறி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 2025 ஆம் ஆண்டு அக்டோபரில்தான் எனக்கு எழுந்தது. அதனை எழுப்பியவர் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் உழவர். தேவாஸ் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் விடியலில் வருபவர். தசரா கழிந்த பின் ஒருநாள் பாலை ஊற்றிக்கொண்டே, "பாபுஜி, சோயா களத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊரார் எல்லோரும் கூடி உட்காருவோம். வீட்டில் தால் பாஃப்லாவும் உண்டு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். உழவர் கூடி உட்கார்ந்து என்ன செய்வர் என்று கேட்டேன். "ஒருவர் கணக்கை மற்றவர் பார்ப்போம்" என்று விடை வந்தது.

சென்று கண்டதையும் கேட்டதையும் இத்திங்கள் எழுதுகிறேன்.

மால்வா மேட்டு நிலத்தில் வாழும் நம்மவர், ஆவணி மாதத்தில் ரயிற் சன்னல் வழியே முழங்காலளவு உயர்ந்த பசிய பரப்பைக் கண்டிருப்பர். அதுவே சோயா. இன்று மால்வாவையும் சோயாவையும் பிரித்து நினைக்க இயலாது. ஆயினும் இவ்வுறவு மிகப் பழைமையானதன்று. இங்குள்ள கரிசல் மண் மழைக்காலத்தில் காலையும் கலப்பையையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். ஆதலின் பழங்காலத்து உழவருள் பலர் மழைப்பருவத்தில் நிலத்தைத் தரிசாகவே விட்டு, மழை ஓய்ந்தபின் மண்ணில் தங்கிய ஈரத்தைக்கொண்டு கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைத்தனர். ஆங்காங்கே சோளமும் மக்காச்சோளமும் பயிராயின.

1964 இல் ஜபல்பூரில் வேளாண் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்பத்தாண்டிலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் துணையுடன் மஞ்சள் நிறச் சோயா இங்குச் சோதித்துப் பார்க்கப்பட்டது. தரிசாய்க் கிடந்த மழைப்பருவத்துக்கு ஏற்ற பயிர் கிடைத்துவிட்டது. 1970 ஐ ஒட்டி இந்தியா முழுவதிலும் முப்பதாயிரம் ஹெக்டேரளவே இருந்த சோயா, இன்று ஏறத்தாழ 120 லட்சம் ஹெக்டேரில் விளைகிறது. 1987 இல் இதற்கெனவே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் நம் இந்தூரில் நிறுவப்பெற்றது. இவ்வூர் உழவர் இப்பயிரைப் 'பீலா சோனா', அதாவது மஞ்சள் தங்கம், என்றே வழங்குவர்.

இத்தங்கத்தை விளைப்பவர் அதனை உண்பது குறைவு. மண்டிக்குச் சென்ற மணிகள் ஆலையில் எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பிரிகின்றன. நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபது பங்கு எண்ணெய். எஞ்சியதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குரிய புண்ணாக்கு. நாமக்கல் பண்ணைகளில் கோழி கொத்தும் தீவனத்தில் இரண்டு பண்டங்கள் தலைமையானவை. ஒன்று மக்காச்சோளம், மற்றொன்று சோயாப் புண்ணாக்கு. ஊரிலுள்ள நம் உறவினர் உடைக்கும் முட்டைக்கும் இம்மண்ணுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

ஊர் நடுவே ஒரு பெரிய வேம்பு. அதனடியில் சிமெண்டுத் திண்ணை. பதினைந்து பதினாறு பேர் கூடியிருந்தனர். எல்லோரும் மதிக்கும் முதியவர் ஒருவர் நடுவில் அமர்ந்திருந்தார். பட்டேல் குடும்பத்தவர், எண்பதை நெருங்கியவர், மஞ்சள் சோயா இவ்வூருக்கு முதன்முதல் வந்த நாளைத் தம் கண்ணாற் கண்டவர். அவர் முன் ஒரு சாக்கு விரிக்கப்பட்டிருந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் மடியிலிருந்து ஒரு பிடி சோயாவை எடுத்து அதன்மேல் தனித்தனிக் குவியலாக வைத்தனர்.

முதியவர் ஒரு குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடித்தார். 'கட்' என்று உடைந்தது. "இது காய்ந்தது" என்றார். அடுத்த குவியலின் மணி உடையாமல் நசுங்கியது. "இதை மண்டிக்குக் கொண்டுபோனால் ஈரம் என்று விலையைக் குறைப்பர். இன்னும் இரண்டு வெயில் வேண்டும்." மண்டியில் ஈரம் அளக்கும் கருவி உண்டு. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் ஈரமிருப்பின் நல்ல சரக்கென்று கொள்ளமாட்டார்கள். பெரியவரின் பல்லுக்கும் அக்கருவிக்கும் மிகுந்த வேறுபாடு இராது என்று பால்காரர் என் காதோடு சொன்னார்.

மூன்றாவது குவியலில் மணிகள் நிறம் மங்கிக் கறுத்திருந்தன. சில முளைத்துமிருந்தன. அதற்குரியவர் தாமே பேசினார்: "இலையெல்லாம் உதிர்ந்து காய் பழுப்பேறிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, அறுவடை இயந்திரத்துக்குக் காத்திருந்தேன். இயந்திரம் வருவதற்குள் மழை வந்தது. சேற்றில் அதன் சக்கரம் இறங்காது. நாலு நாளில் காயிலேயே முளை கட்டிவிட்டது."

உடனே மற்றொருவர், "நான் உனக்கு நேர்மாறாகச் செய்தேன். மழைக்கு அஞ்சி நான்கு நாள் முன்னரே அறுத்துக் குவித்துத் தார்ப்பாயால் மூடினேன். உள்ளே வெந்து புழுங்கிவிட்டது" என்றார். காத்திருந்தவருக்கும் இழப்பு, அவசரப்பட்டவருக்கும் இழப்பு. எவர் செய்தது சரி என்று நான் வினவினேன்.

முதியவர் சிரித்தார். "இருவர் செய்ததும் சரியே, பாபுஜி. வானம்தான் இருவரிடமும் வேறுவேறு சொன்னது. ஆயினும் ஒரு பாடம் உண்டு. நூற்றில் தொண்ணூறு காய் பழுத்ததும், ஆள் கிடைத்த அளவு நிலத்தையாவது அறுத்துவிட வேண்டும். அறுத்ததை மலைபோற் குவிக்காமல் சிறுசிறு கற்றையாக வைத்தால் காற்றுப் புகும். எல்லா நிலத்துக்கும் ஒரே இயந்திரத்தை நம்பியிருத்தல் கூடாது" என்றார்.

பேச்சு விதைக்குத் திரும்பியது. நம்முள் பலர் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. சோயா விதையை உழவர் தம் விளைச்சலிலிருந்தே எடுத்து வைக்கலாம். வீரிய மக்காச்சோள விதையையோ ஆண்டுதோறும் கடையில் வாங்கியாக வேண்டும். ஆனால் சோயா மணியின் தோல் மிக மெல்லியது. கதிரடி இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் தோல் வெடிக்கும்; அம்மணி முளைக்காது. ஆதலின் விதைக்கென ஒதுக்குவதை மெல்ல ஓட்டி அடிக்க வேண்டும். மூட்டைகளை உயர அடுக்காமலும் தூக்கி எறியாமலும் வைக்க வேண்டும். விதைக்கும் முன் நூறு மணிகளை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பார்க்க வேண்டும். எழுபதாவது முளைத்தால் விதைக்குத் தகுதி உண்டு. இவற்றையெல்லாம் ஆராய்ச்சியாளர் நூலில் எழுதுகின்றனர். இவர்களோ திண்ணையில் ஒருவருக்கொருவர் ஒப்பித்துச் சரிபார்க்கின்றனர்.

எந்த விதை என்பதிலும் நீண்ட வாதம். ஜே.எஸ். 335 என்பது 1994 இல் வெளிவந்து, மால்வா முழுவதையும் ஆண்ட இரகம். விளைய ஏறத்தாழ நூறு நாள் எடுக்கும். பின்வந்த ஜே.எஸ். 95-60 எண்பத்தைந்து நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். உருளைக்கிழங்கோ பூண்டோ நட விரும்புவோர் இதனையே நாடுவர். அக்டோபரில் நிலம் கைக்கு வருமன்றோ! ஆனால் மழை நீண்ட ஆண்டில், முன்னே விளைந்த பயிரே மழையில் அகப்பட்டுக்கொள்கிறது. "விரைந்து விளைவதும் ஒரு நோய்தான்" என்று ஒருவர் கூற, எல்லோரும் நகைத்தனர்.

அப்போது முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் ஒரு குறிப்பேட்டை விரித்தார். அவர் அவ்வாண்டு ஐந்து பீகா நிலத்தில் சோயாவைக் கைவிட்டு மக்காச்சோளம் விதைத்தவர். பீகா என்பது இவ்வட்டாரத்து நில அளவு, ஏக்கரினும் சிறியது.

"தாதாஜி, என் கணக்கைக் கேளுங்கள். பீகாவுக்குப் பத்துக் குவிண்டால் விளைந்தது. குவிண்டால் 1,500 ரூபாய்க்குப் போயிற்று. வரவு 15,000. விதை, யூரியா, மருந்து, கதிர் ஒடித்தல், மணி உதிர்த்தல் எல்லாம் சேர்த்துச் செலவு 8,000. மிச்சம் 7,000. உங்கள் சோயாவில் என்ன மிஞ்சியது?"

முதியவர் தயங்காமல் விடை சொன்னார்: "பீகாவுக்கு மூன்று குவிண்டால். 4,000 ரூபாய் விலை. வரவு 12,000. செலவு 6,000. மிச்சம் 6,000. உன் கணக்கே மேல்."

இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. பால்காரர் குறுக்கிட்டார்: "யூரியாவுக்காக எத்தனை நாள் வரிசையில் நின்றாய்? அந்த நாட்களைச் செலவில் எழுதினாயா?" மற்றொருவர் கேட்டார்: "சோயா வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பது. மக்காச்சோளமோ மண்ணை உறிஞ்சுவது. அடுத்து வரும் கோதுமைக்கு உனக்கு எத்தனை மூட்டை யூரியா மிகுதியாகத் தேவைப்படும்?" இன்னொருவர், "நீலமான் கூட்டம் வந்து கதிர் தின்றதைக் கழித்தாயா? இரவுக் காவலுக்குக் கூலி போட்டாயா?" என்றார். இளைஞர் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்க்கையில் இருவர் மிச்சமும் ஏறத்தாழ ஒன்றாயிற்று.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. தம் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைத்தார். மக்காச்சோளத்தில் மணியின் அடியில் கருநிறப் படலம் தோன்றினால் கதிர் முற்றிவிட்டது என்பது பொருள். முற்றிய பின்னும் உறைக்குள்ளே கதிர் சில நாள் நிலத்தில் காத்திருக்கும். சோயாவைப்போல் வெடித்துச் சிதறாது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய நன்மை. மேலும் பெட்ரோலுடன் கலக்கும் எரிசாராயத்துக்கு மக்காச்சோளம் மிகுதியாக வாங்கப்படுகிறது என்னும் செய்தியே தம்மைத் துணியச் செய்தது என்றார். செய்தி பொய்யன்று. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு என்னும் அளவை நம் நாடு 2025 இல் எட்டியது. ஆனால் அச்செய்தியைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். எல்லோரும் கேட்டு விதைத்தனர். எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்தனர். அரசு அறிவித்த ஆதார விலை 2,400 ரூபாய்; அவர் கைக்கு வந்தது 1,500.

சோயாவின் நிலையும் இதற்கு மேம்பட்டதன்று. 2025 அறுவடைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். இவ்வூரார் மண்டியிற் கண்டது நாலாயிரத்தை ஒட்டிய விலையே. இதன் காரணம் மால்வாவுக்கு வெளியே கிடக்கிறது. நம் நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருவது. இந்தோனேசியா, மலேசியப் பாமாயிலும், அர்ஜென்டினா, பிரேசில் சோயா எண்ணெயும் மலிவாக இறங்கினால் இங்கே மணியின் விலை சரியும். சுத்திகரிக்காத எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2025 மே மாத இறுதியில் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் மலிந்தால் நகரத்து இல்லத்தரசிக்கு மகிழ்ச்சி. அதே மலிவு இத்திண்ணையில் இழப்பாக அமர்ந்திருக்கிறது. நாமும் எண்ணெய் வாங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால், நான் வாய்திறவாதிருந்தேன்.

அவ்வாண்டு மத்தியப் பிரதேச அரசு 'பாவாந்தர்' என்னும் திட்டத்தைச் சோயாவுக்கு மீண்டும் கொணர்ந்தது. உழவர் முதலில் பதிவு செய்துகொண்டு மண்டியில் விற்க வேண்டும். ஆதார விலைக்கும், அரசு கணக்கிடும் சராசரி மண்டி விலைக்கும் உள்ள வேறுபாடு அவர் வங்கிக் கணக்கில் சேரும். அக்டோபர் 24 முதல் 2026 சனவரி 15 வரை விற்போருக்கு உரியது. 2017 இல் இதே திட்டம் வந்தபோது, வணிகர் விலையைத் தாழ்த்தி வாங்கினர் என்னும் குறை எங்கும் எழுந்தது. அதனை நினைந்து சிலர் பதிவு செய்யத் தயங்கினர். முன்னர்ப் பணம் பெற்றவரும் பெறாதவரும் தத்தம் அனுபவத்தைச் சொன்னார்கள். எந்தத் தாளில் எந்தப் பிழை இருந்தமையால் எவருக்குப் பணம் வரவில்லை என்பதுவரை வெளிவந்தது. முடிவில், தயங்கியவர் அனைவரும் மறுநாளே பதிவுக்குச் செல்வதென்று முடிவாயிற்று.

இனி நான் சொல்லப்போவதே அன்றைய கூட்டத்தில் என் நெஞ்சைத் தொட்டது.

ஐம்பது வயதினர் ஒருவர் நெடுநேரம் வாய்திறவாமல் ஓரத்தில் அமர்ந்திருந்தார். அவர் ஊரில் விதை விற்பவர். அவர் களத்துச் சோயாவை வாங்கி விதைப்போர் பலர். அவர் முன்னே குவியல் இல்லை. முதியவர், "நீ ஏன் கொண்டுவரவில்லை?" என்று கேட்டார்.

அவர் தலை குனிந்தபடியே சொன்னார்: "கொண்டுவர எனக்கு முகமில்லை. ஆடி மாதத்தில் என் நிலத்தின் சாலையோரம் நாலைந்து செடிகளில் இலை மஞ்சளாகப் புள்ளி விழுந்திருந்ததைக் கண்டேன். மஞ்சள் தேமல் நோய் என்று தெரிந்தது. வெளியே சொன்னால் என் விதையை எவர் வாங்குவர் என்று அஞ்சினேன். மருந்து தெளித்தால் மற்றவர் கேட்பரே என்று அதனையும் இரவில் தெளித்தேன். பதினைந்து நாளில் என் நிலம் முழுவதும் மஞ்சளாயிற்று. பிறகு உங்கள் நிலங்களுக்கும் வந்தது. முதல் நாளே அந்தச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்து உங்களுக்கும் சொல்லியிருந்தால்..." அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

மஞ்சள் தேமல் என்பது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். வந்த செடிக்கு மருந்தில்லை. முதலில் நோயுற்ற செடிகளை அப்போதே பிடுங்கி அழிப்பதும், ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி. ஈக்கு வரப்பும் வேலியும் இல்லை. ஒருவர் மறைத்தது ஊரார் அனைவரின் விளைச்சலையும் தின்றுவிட்டது.

திண்ணை அமைதியாயிற்று. பீகாவுக்கு ஒரு குவிண்டால்கூடக் காணாதவர் இருவர் அங்கே இருந்தனர். ஒருவரின் மகளுக்கு மார்கழிக்கு முன் திருமணம் உறுதியாகியிருந்தது என்று பால்காரர் பின்னர்க் கூறினார். சண்டை எழும் என்றே நான் அஞ்சினேன்.

அந்தத் தந்தை எழுந்தார். விதைக்காரர் அருகே சென்று அமர்ந்தார். "கோபம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நீ இன்று சொல்லாதிருந்தால், வரும் ஆண்டும் உன்னிடமே விதை வாங்கியிருப்பேன். மழை செய்தது என்றே எண்ணிச் செத்திருப்பேன்" என்றார்.

முதியவர் சற்று நேரம் மண்ணைப் பார்த்திருந்தார். பின்பு சொன்னார்: "இவனை இன்று ஏசினால், வரும் ஆண்டு மஞ்சள் இலையைக் காண்பவன் எவனும் வாய்திறக்கமாட்டான். இனி ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். எவன் நிலத்தில் முதல் மஞ்சள் இலை தோன்றினாலும், அன்று மாலையே இத்திண்ணையில் வந்து சொல்ல வேண்டும். சொன்னவனைக் குறை கூறுவதில்லை. அவன் நிலத்தில் செடி பிடுங்க வீட்டுக்கு ஓராள் போக வேண்டும்." எல்லோரும் ஒப்பினர். திருமணச் செலவுக்கு விதைக்காரர் எவ்வளவு தருவார் என்பது பின்னர்த் தனியே பேசி முடிக்கப்பட்டது. தொகையை நான் கேட்கவில்லை.

அந்நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. கோவிற்பட்டியிலிருந்து என் சித்தப்பா மகன். "அண்ணே, மழை தொடங்கிவிட்டது. மக்காச்சோளம் விதைக்கப் போகிறேன். சென்ற ஆண்டு படைப்புழு காட்டையே தின்றுவிட்டது. ஏக்கருக்கு ஆறு குவிண்டால்தான் கண்டேன். இந்த ஆண்டும் போட்டால் பிழைப்பேனா?" என்றான். அங்கும் கரிசல், இங்கும் கரிசல். இங்கே அறுக்கும் காலம் அங்கே விதைக்கும் காலம். 2018 இல் நம் நாட்டில் புகுந்த அப்புழு இரண்டு ஊரையும் அறியும்.

நான் அச்செய்தியை இந்தியில் சொன்னதும், குறிப்பேட்டு இளைஞர் என் கைப்பேசியை நோக்கிக் குனிந்தார். நான் மொழிபெயர்க்க, அவர் கூறினார்: "முளைத்த நாள்முதல் மூன்று வாரம் விடியலில் நிலத்தைச் சுற்றி வாருங்கள். இலையில் பச்சை சுரண்டப்பட்டு வெண்மையாகத் தெரிந்தால் அப்போதே முட்டைக் குவியலைத் தேடி நசுக்குங்கள். குருத்தில் மணலும் சிறிது சுண்ணாம்பும் கலந்து இடலாம். எல்லாவற்றினும் முதன்மையானது, ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் விதைப்பது. முன்னும் பின்னுமாக விதைத்தால் புழுவுக்குத் தொடர்ந்து விருந்து."

தம்பி விடவில்லை. "அண்ணே, நாங்கள் செய்வதையும் அவரிடம் சொல்லுங்கள். கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுகிறோம். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் விதைத்தால், புழுவைத் தின்னும் பூச்சிகள் வந்து தங்குகின்றன என்று வேளாண் அலுவலர் சொன்னார்" என்றான். இளைஞர் அதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முதியவர் என்னைப் பார்த்து, "அவருக்கு என்ன விளைந்தது என்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டும், பாபுஜி. கடன் வைக்காதீர்கள்" என்றார்.

உண்டு முடித்துத் திரும்புகையில் என் மனைவி கேட்டாள்: "நம் சங்கத்தில் இப்படி எவராவது எழுந்து பேசியதுண்டா?"

வழி நெடுக அவ்வினா என்னை விடவில்லை. நாமும் திங்கள்தோறும் கூடுகிறோம். எவர் மகன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான், எவர் புதுவீடு புகுந்தார் என்பன பேசப்படுகின்றன, அவை வேண்டியவையே. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பர் ஒருவர், பத்திரம் தெளிவில்லாத ஒரு மனையில் தம் ஓய்வூதியத் தொகையை இழந்தார். வெட்கத்தால் எவரிடமும் சொல்லவில்லை. மறு ஆண்டு அதே மனையில் அதே தரகரிடம் மற்றோர் அன்பரும் இழந்தார். இருவரும் திங்கள்தோறும் ஒரே வரிசையில் அமர்ந்து தேநீர் அருந்தியவர்கள்! அயலூரில் வாழும் நமக்கு, ஏமாந்தால் தாங்குவதற்குச் சுற்றத்தார் அருகில் இல்லை. நமக்கு வாய்த்த திண்ணை இச்சங்கம் ஒன்றே. அதில் நம் மஞ்சள் இலையை மறைத்துவைத்தால், வெள்ளை ஈ அடுத்த வீட்டுக்குப் போகாமல் இராது.

என் வேண்டுகோள் சிறியது. மாதக் கூட்டத்தின் இறுதியில் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்குவோம். வீடு, வேலை, பள்ளி, மருத்துவம் எதுவாயினும், தாம் தவறியதைச் சொல்ல விரும்புவோர் சொல்லட்டும். கேட்போர் குறை கூறாதிருப்போம். தொடங்குவதற்கு எவரும் முன்வராவிடில், என்னிடமே சொல்வதற்கு இரண்டு உண்டு.

முடிக்கும் முன் கடனைத் தீர்த்துவிடுகிறேன். பொங்கல் கழிந்து மூன்றாம் வாரம் தம்பி பேசினான். நான்கு ஏக்கரில் மூன்று, ஊராரோடு ஒரே வாரத்தில் விதைத்தவை. புழு வந்தது, ஆனால் முற்றும் தின்னவில்லை. ஏக்கருக்குப் பதினான்கு குவிண்டால் கண்டானாம். "நாலாவது ஏக்கர்?" என்றேன். சிறிது தயங்கிச் சொன்னான்: "டிராக்டர் கிடைக்கவில்லை என்று பதினைந்து நாள் தள்ளி விதைத்தேன், அண்ணே. அதைப் புழு துடைத்துவிட்டது. தவறு என்னுடையதே. அந்த மால்வாத் தம்பியிடம் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்."

சென்ற வாரம் அவ்வூருக்குச் சென்று சொன்னேன். சோயா நின்ற நிலத்தில் இப்போது கோதுமை கதிர் முற்றிப் பொன்னிறம் கொள்ளத் தொடங்கியிருக்கிறது. இளைஞர் குறிப்பேட்டைத் திறந்து, பதினான்கு குவிண்டாலை ஒரு வரியிலும், பதினைந்து நாள் தாமதத்தை அதற்கடுத்த வரியிலும் எழுதினார். இரண்டாவது வரியின் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

உழுதவன் தனியே கணக்குப் பார்த்தால் ஒருவேளை உழக்கும் மிஞ்சாதுதான். என் பாட்டனாருக்கு இத்திண்ணை வாய்க்கவில்லை. அடுத்த திங்கள் சந்திப்போம்.